பெய்த மழை எங்கே தங்கும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: இந்த முறை தண்ணீர் வடியுமா? மாநகராட்சியும் அரசும் அதே அளவுகோலில்தான் பதில் சொல்கின்றன. இரண்டு நாள் நின்ற தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வடிந்தால் சாதனை, வடியாவிட்டால் தோல்வி. தொலைக்காட்சி விவாதங்களும் சட்டமன்றச் சண்டைகளும் இந்த எல்லைக்குள்ளேயே நடக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு வேறெந்தக் கேள்வியும் தோன்றாது. தோன்ற வேண்டியதும் இல்லை. நகரத்தைத் திட்டமிடுகிறவர்கள் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் பிழை. வடிகிற தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, போகிற வழியில் யார் வீட்டுக்குள் நுழைகிறது, பெய்த இடத்திலேயே எவ்வளவு தண்ணீரை நிறுத்தியிருக்க முடியும் என்பவற்றுக்கு எண்களோடு விடை வேண்டும். மழைநீர் வடிகாலுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைச் செலவிடும் நகரம், தன் எல்லைக்குள் எவ்வளவு மழையைத் தேக்க முடியும் என்பதை முதன்மையான கணக்காகக் கருதியதே இல்லை. அந்தக் கணக்கு முன்னுக்கு வராதவரை எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினாலும் வெள்ளம் ஒரு பேட்டையை விட்டு அடுத்த பேட்டைக்கு இடம் மாறுமே தவிரத் தீராது.

கணக்கு கடினமானதல்ல. பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 4,260 கோடி லிட்டர். அதாவது ஒன்றரை டி.எம்.சி. நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் குடிநீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாள் மழையில் நாற்பது நாள் தேவைக்கு மேற்பட்ட தண்ணீர் நம் மொட்டை மாடிகளிலும் தெருக்களிலும் வந்து விழுகிறது. சராசரியாக ஆண்டுக்குப் பெய்யும் 140 சென்டிமீட்டரை இதே வழியில் கணக்கிட்டால் 21 டி.எம்.சி. வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கரை தொட்டு நின்றாலும் அவற்றின் மொத்தக் கொள்ளளவு 11 டி.எம்.சி.யை ஒட்டித்தான். நகரத்தின் தலைமேல் விழுவது அந்த நான்கு ஏரிகளின் கொள்ளளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதியை எந்த முயற்சியாலும் பிடிக்க முடியாது. அத்தனையையும் கழித்த பிறகும், வடிகால் வழியாகக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவும் தண்ணீர் மிகப் பெரியது.

மழையின் குணமும் மாறிவருகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். அதன் விளைவு ஆண்டு மொத்த மழையில் தெரிவதைவிடச் சில மணி நேரத்தில் கொட்டும் அளவில்தான் கூர்மையாகத் தெரியும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையின் பல பகுதிகளில் இரண்டு நாட்களில் 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை கொட்டியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51, புதுச்சேரியில் 48. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்ற பேச்சுக்கு இனி பெரிய பொருளில்லை. பழைய மழைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு வடிகாலின் அகலத்தைத் தீர்மானிக்கிற பொறியாளர், கட்டி முடிக்கும்போதே பற்றாத ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வடிகால் என்பது ஒரு பாதை, கிடங்கு அல்ல. அந்தப் பாதையின் மறுமுனை திறந்திருந்தால்தான் அதனால் பயன். சென்னையின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டருக்கும் குறைவு. நிலம் கிட்டத்தட்டச் சமதளம். கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் கடலில் சேரும் முகத்துவாரங்களை மணல்மேடுகள் அடிக்கடி அடைக்கின்றன. வடக்கும் தெற்குமாக ஓடி இவற்றை இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதியில், நீரோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவத்தின் பெருமழை பெரும்பாலும் புயலோடும் காற்றழுத்தத் தாழ்வோடும் வருகிறது. ஆகவே ஊருக்குள் தண்ணீர் ஏறும் அதே நேரத்தில் கடலும் ஏறி நிற்கும். மிக்ஜாமின்போது புயல் கரையோரமாகவே மெல்ல நகர்ந்ததால் கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு வாங்காத தண்ணீரைக் கால்வாய் எங்கே கொண்டுபோகும், கால்வாய் வாங்காததைத் தெருவோரத்து வடிகால் எங்கே கொண்டுபோகும்? அது திரும்பி வந்து முதலில் தாழ்வான தெருவில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்புகிறது. வடிகால்கள் நேராகவும் வழவழப்பாகவும் சிமென்டில் அமைய அமைய இன்னொரு சிக்கலும் சேர்கிறது. முன்பு வெவ்வேறு நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேர்ந்த தண்ணீர் இப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து மோதுகிறது. ஆற்றின் உச்ச நீர்மட்டத்தை மொத்த மழை மட்டும் முடிவு செய்வதில்லை, அது எவ்வளவு வேகத்தில் கூடியது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

வடிகால்களால் பலனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2021 நவம்பரில் தியாகராய நகர் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தது. விரைந்து பல வடிகால்கள் கட்டப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் மையப் பகுதியின் பல தெருக்களில் தண்ணீர் முன்பைவிட வேகமாக வடிந்தது. மாநகராட்சி ஊழியர்கள் இரவு முழுக்க மோட்டார் வைத்து இறைத்த உழைப்பும் அதில் அடங்கும். வடக்கே கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுத்திருக்கிறது. பத்து சென்டிமீட்டர் மழை நாள் முழுவதும் பரவிப் பெய்தால் இவை நகரத்தைக் காப்பாற்றும். முப்பது, நாற்பது என்று ஏறும்போது நிலைமை வேறு. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். அவர்களை ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் தங்கள் ஊரின் தண்ணீர் எங்கே போகும், எங்கே போகாது என்பதை அந்த மக்கள் எந்தப் பொறியியல் அறிக்கையையும்விடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

தேக்கும் இடங்கள் சென்னைக்குப் புதியவை அல்ல. செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் மாவட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் போக்குக் கால்வாய் அடுத்த ஏரிக்கு வரத்துக் கால்வாயாகும். சின்னத் தாங்கல்கள் இடையிடையே வேகத்தைக் குறைக்கும். கடைசி ஏரியின் உபரிதான் சதுப்புக்கோ கடலுக்கோ போகும். மலைச்சரிவு இல்லாத, மூன்று மாதத்தில் பெரும்பங்கு மழையைப் பெறுகிற நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. பாசனத்துக்காக வெட்டியவைதான், வெள்ளத்தைத் தணித்ததும் அவைதான். அந்தச் சங்கிலியைத் துண்டித்ததில் ஆக்கிரமிப்பாளர்களுக்குப் பங்கு உண்டு என்றாலும், முதல் பங்கு அரசுகளுடையது. 1920-களில் மயிலாப்பூர் நெடும் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரிக்கரையின் பெயர் மட்டும் சாலையின் பெயராக எஞ்சியது. பிறகு வீட்டுவசதி வாரியம் ஏரிகளிலேயே மனை போட்டது. முகப்பேரில் அந்தக் குடியிருப்புக்கு இன்றும் ஏரித் திட்டம் என்றே பெயர். அரசாங்க முத்திரையோடு பட்டாவும் மின் இணைப்பும் வாங்கி, கடன் கட்டி, வீடு கட்டிக் குடியேறியவரைப் பார்த்து ‘ஏரியில் ஏன் வீடு கட்டினாய்’ என்று கேட்பது அநியாயம். அந்தக் கேள்வி அனுமதி கொடுத்தவர்களை நோக்கித்தான் போக வேண்டும்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளலாம். இந்த நகரத்தின் வெள்ளத்தைப் பற்றி ஒரே ஓர் இடத்தை வைத்துப் பேச வேண்டுமென்றால் அதைத்தான் வைத்துப் பேச வேண்டும். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரியாக அந்தச் சதுப்புக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. வாசல் குறுகியது, வீடு பெரியது. தண்ணீர் வாரக்கணக்கில் அங்கே பரவி நின்று மெல்ல மெல்ல வெளியேறுவதுதான் அதன் இயல்பு. அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த இடம் அது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தபோது அதற்குள் அடங்கிய பரப்பு 1,248 ஹெக்டேர். இடைப்பட்ட காலத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், ரயில் நிலையங்களும், அரசு ஆய்வு நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், அடுக்குமாடிகளும் உள்ளே வந்துவிட்டன. ஐயாயிரம் ஹெக்டேரில் முக்கால் பங்கு போன பிறகும் வருகிற தண்ணீர் குறையவில்லை. கூரையும் தார்ச்சாலையும் பெருகியதால் முன்பைவிட வேகமாக வருகிறது. மடுவின் வாயை அகலப்படுத்தினால் போதும் என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் யாராவது சொல்கிறார்கள். அகலப்படுத்த வேண்டியதுதான். ஆனால் கடல் ஏறி நிற்கும் நாளில் அகலமான வாயால் என்ன பயன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த நாளில் நம்மைக் காப்பது தண்ணீர் பரவி நிற்க மிச்சமிருக்கும் நிலம் மட்டுமே.

இனி ஏரிகளைப் பழைய அளவுக்கு மீட்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தியாகராய நகரைத் திரும்ப ஏரியாக்கச் சொல்ல யாருமில்லை. ஆனால் ஒரே இடத்தில் இழந்ததை ஆயிரம் இடங்களில் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறலாம். ஒரு கிரவுண்டு மனையின் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 22,000 லிட்டர். ஏறத்தாழ இரண்டு பெரிய தண்ணீர் லாரி. அதில் பாதியை, அதாவது முதல் 5 சென்டிமீட்டரை, சம்ப்பிலோ தனித் தொட்டியிலோ நிறுத்திவைத்து மழை ஓய்ந்த பிறகு விட்டால், தெருவோரத்து வடிகாலின் சுமை எந்த நேரத்தில் மிக அதிகமோ அந்த நேரத்தில் குறைகிறது. பத்து ஏக்கர் தகவல் தொழில்நுட்ப வளாகம் ஒன்றுக்கு இதே கணக்கு 20 லட்சம் லிட்டர். தரைக்குக் கீழே இரண்டு மூன்று தளம் தோண்டிக் கார் நிறுத்துகிறவர்களால் அதற்கொரு தொட்டி கட்ட முடியாதா? பொது இடங்களில் இன்னும் எளிது. ஒரு ஏக்கர் விளையாட்டுத் திடலை இரண்டடி தாழ்த்தினால் 24 லட்சம் லிட்டர் நிற்கும். சுற்றியுள்ள பகுதியையும் சேர்த்து ஆறு ஏக்கரில் பெய்யும் 10 சென்டிமீட்டர் மழைக்கு அது இடம் கொடுக்கும். ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் ஆட்டம் நிற்கும், மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் விளையாடலாம். பெரிய மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கென்று விதிப்படி ஒதுக்கப்படும் பத்து விழுக்காடு நிலம் பெரும்பாலும் மண் கொட்டி மேடாக்கப்பட்டு, வேலி போட்டு, புல்தரையாகிறது. அதே நிலம் மனைப்பிரிவின் தாழ்வான மூலையில் இருக்க வேண்டும், சாலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் அதற்குத் தனிச் செலவே இல்லை. மாநகராட்சி சில பூங்காக்களில் பள்ளம் வெட்டித் தண்ணீர் தேக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் கிண்டி குதிரைப் பந்தயத் திடலில் குளங்கள் வெட்டப்பட்டன. திசை சரியானது. அளவுதான் இன்னும் மாதிரித் திட்டங்களின் அளவிலேயே நிற்கிறது.

இந்த வழியில் முழுமனதோடு இறங்கிய நகரம் கோபன்ஹேகன். 2011 ஜூலை 2 அன்று அங்கே இரண்டு மணி நேரத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சேதம் சுமார் 600 கோடி குரோனர். அடுத்த ஆண்டே நகரம் பெருமழைக்கான தனித் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது: சாக்கடைக் குழாய்களைப் பெரிதாக்குவதை மட்டும் நம்பாமல், பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் தண்ணீரை நிறுத்துவது, சில தெருக்களையே தண்ணீர் ஓடும் வழியாக வடிவமைப்பது, தேவையான இடத்தில் மட்டும் சுரங்கம் அமைப்பது என்று சுமார் 300 வேலைகள், இருபது ஆண்டுக் காலத்துக்கு. எங்ஹாவே பூங்கா ஒன்றே 2.26 கோடி லிட்டரைத் தாங்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. அவர்கள் பணத்தை வீணடிக்கிறவர்கள் அல்ல. எல்லாத் தண்ணீரையும் குழாயிலேயே அனுப்புவதைவிட இந்தக் கலப்பு வழி மலிவு என்று கணக்கிட்ட பிறகே இறங்கினார்கள். டென்மார்க்கின் பருவநிலை வேறு, பணவசதி வேறு, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கன மீட்டர் என்று எழுதிவைத்த அந்த ஒழுங்கை இறக்குமதி செய்யப் பருவநிலை தடையில்லை.

நாமும் ஒருகாலத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தோம். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டுகளில் சென்னையின் பல கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. அந்தச் சட்டத்தின் குறை அதன் நோக்கத்தில் இல்லை. குழி தோண்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டோம். கூழாங்கல் நிரப்பிய மூன்றடிக் குழி சில ஆண்டுகளில் சேறேறி அடைபடும். திறந்து பார்க்க ஆள் இல்லை, எவ்வளவு தண்ணீரை வாங்குகிறது என்று அளக்க விதியும் இல்லை. வரைபடத்தில் ஒரு குறி இருந்தால் அனுமதி கிடைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, நிலத்தடி நீருக்கான ஏற்பாடாக மட்டுமே அதைப் பார்த்தோமே தவிர, வெள்ளத் தடுப்பின் ஓர் உறுப்பாகக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வடிகாலை வடிவமைக்கும் பொறியாளரின் மேசையில், மனைக்குள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற எண்ணே இல்லாதபோது அவர் எல்லாத் தண்ணீரும் தெருவுக்கு வரும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. சென்னையின் மண் எல்லா இடத்திலும் தண்ணீரை வாங்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். அங்கே எவ்வளவு பெய்தாலும் இறங்கும். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரியில் சற்று ஆழத்தில் பாறை. அதோடு கார்த்திகைக்குள் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், பிறகு குழி தோண்டினால் தண்ணீர்தான் ஊறும் என்று பொறியாளர்கள் சொல்வது உண்மை. ஆகவேதான் மண்ணுக்குள் இறக்குவதையும் மேலே நிறுத்துவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. மணற்பாங்கான கடற்கரைப் பகுதியில் இறக்க வேண்டும்; அங்கே சிமென்ட் வடிகால் போட்டு நிலத்தடி நீரைக் கெடுக்காதீர்கள் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதில் நியாயம் இருந்தது. களிமண்ணிலும் பாறையிலும் தொட்டியாகவும் குளமாகவும் தாழ்ந்த திடலாகவும் நிறுத்த வேண்டும். அதற்கு மண்ணின் தயவு தேவையில்லை, இடத்தின் கொள்ளளவு போதும். தொட்டியும் குளமும் முதல் மழையிலேயே நிரம்பிவிட்டால் அடுத்த மழைக்கு என்ன செய்வது என்றால், இரண்டு மழைக்கும் இடைப்பட்ட நாளில் காலி செய்ய வேண்டும். வடிகால் சும்மா கிடக்கும் அந்த நாட்களில் அதன் வழியாகவே காலி செய்யலாம். வடிகாலும் தேக்கமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்பது இங்கே தெளிவாகிறது.

இன்னொரு வாதம் சீனாவைக் காட்டுகிறது. மழையை உறிஞ்சும் நகரங்கள் என்ற பெரும் திட்டத்தில் பணம் கொட்டிய ஜெங்ஜோ நகரம் 2021 ஜூலையில் மூழ்கியது. சுரங்க ரயிலுக்குள் சிக்கியே பலர் இறந்தார்கள். பூங்காவும் குளமும் பேரிடரைத் தடுக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கிறார்கள். அன்று அங்கே ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் பெய்தது. அதைத் தாங்கும் வடிகால் வலைப்பின்னல் உலகில் எந்த நகரத்திலும் இல்லை. ஜெங்ஜோ சொல்லும் பாடம், தேக்கும் இடங்களுக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு அப்பால் எச்சரிக்கையும், ரயிலையும் பள்ளிகளையும் உரிய நேரத்தில் நிறுத்தும் துணிவும், தண்ணீர் ஓடுவதற்கென்றே விடப்பட்ட தெருக்களும்தான் உயிரைக் காக்கும் என்பது. எல்லை உண்டு என்பதற்காக எல்லைக்குள் கிடைக்கும் பயனை விட்டுவிட முடியாது. இருபது சென்டிமீட்டர் மழையில் ஐந்தை நிறுத்தினாலும் ஆற்றின் உச்ச மட்டம் இறங்கும். வாசற்படியைத் தாண்டாமல் தண்ணீர் நிற்பதற்கும் வீட்டுக்குள் நுழைவதற்கும் இடையே பல நேரம் அரையடிதான் வித்தியாசம்.

நிலம் எங்கே, பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு 2019-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நகரத்தை மூழ்கடித்த 2015-இலிருந்து நாலே ஆண்டில் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். முன்னே சொன்ன ஒரு ஏக்கர் திடல் ஒருமுறை நிரம்பினால் நிற்கும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டப்பட்டன. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கான ஆலையின் கட்டுமானம் தொடங்கிவிட்டது. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். வறட்சிக் காலத்துக்கு அந்த ஆலைகள் தேவைதான். ஆனால் வடிகால் கட்ட ஒரு கடன், அதன்வழி கடலுக்குப் போன நன்னீருக்கு ஈடாகக் கடல்நீரைச் சுத்திகரிக்க இன்னொரு கடன் என்று இரண்டு செலவையும் தனித்தனிக் கோப்பில் வைத்துப் பார்ப்பதால்தான் தேக்கும் இடத்துக்குப் பணமில்லை என்று தோன்றுகிறது. இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் விரித்தால் கணக்கு மாறும்.

சாக்கடையும் கொசுவும் பற்றிய அச்சம் வேறு வகையானது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலந்து ஓடும் நகரத்தில், தண்ணீரைத் தேக்கினால் நாற்றத்தையும் டெங்குவையும்தான் தேக்குவோம் என்று குடியிருப்போர் சொல்கிறார்கள். ஆகாயத் தாமரை மூடிக் கிடக்கும் ஏரிகளைப் பார்த்துப் பழகியவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்? மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவே வீடுகளுக்குள் வந்தது. கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிக்காமல் எந்தத் தேக்கமும் நிலைக்காது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, ஆறும் ஏரியும் நீர்வளத் துறையின் பொறுப்பு, பெரிய சாலைகளின் ஓரம் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, கட்டட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.யின் பொறுப்பு, சதுப்பு வனத்துறையின் பொறுப்பு. ஒரு துளி மழை மேடவாக்கத்தில் விழுந்து முட்டுக்காட்டை அடைவதற்குள் இத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. வார்டு எல்லைப்படி பிரித்துப் போடப்பட்ட பொறுப்பை வடிநிலத்தின் எல்லைப்படி மாற்றி, ஒவ்வொரு வடிநிலத்துக்கும் கேள்வி கேட்கத்தக்க ஓர் அதிகாரியை நியமிப்பது, சிமென்ட் வாங்குவதைவிட அவசரமான வேலை.

இதில் யார் சுமையைத் தாங்குவது என்பதும் மறைக்கக் கூடாத கேள்வி. நீர்நிலைகளை மீட்பது என்று தொடங்கும் எந்த முயற்சியும் இதுவரை முதலில் போய்க் கைவைத்தது குடிசைகளின்மேல்தான். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மழைக்கு மழை அங்கும் தண்ணீர் நிற்கிறது. வேலையும் பள்ளியும் இழந்து, வெள்ளத்தை மட்டும் கூடவே அழைத்துக்கொண்டு போனதாகிவிட்டது அந்த இடமாற்றம். மழைநீரை நிறுத்தும் கடமை கூரையின் பரப்புக்கு ஏற்ப அமைய வேண்டும். ஐநூறு சதுர அடி வீட்டுக்காரரிடம் தொட்டி கேட்க வேண்டியதில்லை. பெரிய வளாகங்கள், வணிக மையங்கள், கல்லூரிகள், அரசு அலுவலகங்கள், பேருந்துப் பணிமனைகள், மெட்ரோ நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். மனைக்குள் முதல் 5 சென்டிமீட்டரை நிறுத்தினால் சொத்துவரியில் சலுகை, நிறுத்தாமல் தெருவுக்கு அனுப்பினால் அனுப்பும் அளவுக்குக் கட்டணம் என்று வைத்தால், மழைநீர்க் குழி வரைபடத்தில் மட்டும் இருக்காது.

இதற்கெல்லாம் புதுச் சட்டமன்றத் தொடர் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன. ஏரிகளின் ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007-இன் சட்டம் இருக்கிறது. 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கையில் எத்தனை கிலோமீட்டர் வடிகால் என்ற வரிக்குக் கீழே, எந்த வடிநிலத்தில் எத்தனை கோடி லிட்டர் தேக்க இடம் சேர்ந்தது, எத்தனை கோடி லிட்டர் கட்டட அனுமதிகளால் தொலைந்தது என்று இரண்டு எண்களை அச்சிட வேண்டும். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் ஆண்டுகளில் அது ஏன் என்று மன்றத்தில் கேட்க வேண்டும். தொடங்க வேண்டிய இடம் பள்ளிக்கரணை வடிநிலம். மற்ற இடங்களில் இழந்ததைத்தான் மீட்க வேண்டியிருக்கிறது. அங்கே இழக்காமல் காக்க இன்னும் நிலம் மிச்சமிருக்கிறது. மேடவாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் எழும் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் அனுமதி வழங்கும் முன், அந்த மனையின் தண்ணீரை அந்த மனையே நிறுத்துமா என்று சி.எம்.டி.ஏ. கேட்டு, பதிலைக் கோப்பில் பதிந்து, கட்டி முடித்த பிறகு தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.